கொசுப்புழுவை வெல்லும் நுண்ணுயிர்



டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லி ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசு ஒழிந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் சில ஆண்டுகளிலேயே கொசுக்கள் அம்மருந்தைத் தாங்கும் வலிமை பெற்றன. நஞ்சோ மண்ணிலும் மீனிலும் தங்கிற்று.

1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலையில், ஒரு குட்டையில் கொசுப்புழுக்கள் கூட்டமாய் மடிந்து கிடக்கக் கண்டனர் மார்கலித் என்னும் அறிஞரும் அவருடன் சென்றோரும். அவற்றைக் கொன்றது ஒரு பாக்டீரியா. 'பி.டி.ஐ.' என அதனைச் சுருக்கி வழங்குவர். அது உண்டாக்கும் புரதப் படிகத்தைப் புழு விழுங்குகிறது. காரத்தன்மை மிக்க அதன் குடலில் படிகம் கரைந்து, நஞ்சாகிக் குடற்சுவரைத் துளைக்கிறது. நம் இரைப்பையின் அமிலத்தில் அவ்வாறு நேர்வதில்லை. மீனுக்கும் தேனீக்கும் தீங்கில்லை. ஜெர்மனியின் ரைன் ஆற்றுச் சமவெளியில் 1980-களிலிருந்து இதனைத் தூவி வருகின்றனர்.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். பறக்கும் கொசுவை இது தீண்டாது. விரைவில் ஆற்றல் குன்றுவதால் மீண்டும் மீண்டும் இட வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே மருந்துக்குக் காத்திராமல், வாரந்தோறும் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். அண்டை வீட்டுக் குழந்தையின் காய்ச்சல், நம் முற்றத்துக் கொட்டாங்கச்சியில் பிறந்ததாகவும் இருக்கலாம் அல்லவா?