போர்டு பாஸ், கேபிள் ஃபெயில்: சர்க்யூட் கசிவை சிமுலேஷன் சொல்லிவிடுமா?

பழைய மொபைல்களில் எஃப்.எம் கேட்க வேண்டுமென்றால் இயர்போனைச் செருகியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் போன் அடம்பிடிக்கும். காரணம், அந்த இயர்போன் வயர்தான் ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ வயர் இருந்தாலே அலையை ஜோராகப் பிடித்துவிடும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அலையை நன்றாகப் பிடிக்கிற வயர், அலையை நன்றாக அனுப்பவும் செய்யும். சார்ஜர் கேபிள், யு.எஸ்.பி கேபிள், மின்சார ஸ்கூட்டரில் மோட்டாருக்குப் போகும் வயர் என எல்லாமே யாரும் கேட்காமலே ஒலிபரப்பு நடத்தக்கூடியவை.

1975-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்தில், ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன் ஆல்டேர் 8800 கணினிக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்துப் பாட்டு வாசிக்க வைத்தார். கணினியில் ஸ்பீக்கரே கிடையாது. சர்க்யூட்டிலிருந்து கசிந்த அலைகள்தான் ரேடியோவில் இசையாகக் கேட்டன. அதே கசிவு சில வருடங்களில் வில்லனானது. கணினிகளின் கசிவுக்கு அமெரிக்காவின் எஃப்.சி.சி வரம்பு விதித்தபோது, நன்றாக விற்றுக்கொண்டிருந்த டி.ஆர்.எஸ்-80 மாடல் 1 அதற்குள் அடங்கவில்லை. 1981-ல் அதன் கதை முடிந்தது.

இன்று ஓசூரிலும் கோவையிலும் மின்வாகன கன்ட்ரோலர் வடிவமைக்கும் இளம் இன்ஜினீயர்களுக்கும் இதே பரீட்சை காத்திருக்கிறது. நம் ஊர் வாகனங்களுக்கு ஏஐஎஸ்-004 என்ற தரவிதி இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், டிசைன் முடிந்து, பெட்டிக்கு மோல்டும் வெட்டிய பிறகுதான் பலர் டெஸ்ட் லேப் பக்கம் போகிறார்கள். அங்கே ஃபெயில் ஆனால் போர்டையே மறுபடி வரைய வேண்டும். கையிருப்புப் பணம் குறைவான ஸ்டார்ட்அப்புக்கு அந்த இரண்டு மாதமே உயிர்ப் பிரச்சினை.

சரி, முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிடலாமே? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால், சிமுலேஷனிடம் நாம் கேட்கும் கேள்விதான் பெரும்பாலும் தப்பு.

ஸ்பைஸுக்குத் தெரியாத விஷயம்

கல்லூரி லேபில் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கும் சிமுலேட்டர் ஸ்பைஸ். 1973-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்கு வோல்டேஜ் தெரியும், கரன்ட் தெரியும். தூரம் தெரியாது, வடிவம் தெரியாது. நீங்கள் வரைந்த கோடு 1 செ.மீ நீளமா, 1 மீட்டரா என்பது அதற்கு ஒன்றுதான். ஆனால் அலை கசிவதோ முழுக்க முழுக்க நீளமும் வடிவமும் சேர்ந்து செய்யும் வேலை. மேக்ஸ்வெல் சமன்பாடுகளை ஒரு செமஸ்டரில் மனப்பாடம் செய்துவிட்டு, ஸ்பைஸை இன்னொரு செமஸ்டரில் ஓட்டிவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது மாதிரி வெளியே வருகிறோம். நம் பாடத்திட்டத்தின் பெரிய ஓட்டை இது என்பேன்.

கசிவைக் கணக்கிட, வெளியையே கணக்கில் எடுக்கும் வேறு வகை சாஃப்ட்வேர் வேண்டும். அதில் ஒரு முறை, 1966-ல் கேன் யீ முன்வைத்தது. வெளியைக் குட்டிக் குட்டிப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறி மாறிக் கணக்கிட்டு, நேரத்தில் துளித்துளியாக முன்னேறுவார்கள். பெட்டியின் அளவு 1 மி.மீ என்றால், ஒரு துளி நேரம் 2 பிகோ விநாடியைக்கூடத் தொடக் கூடாது. எல்லாப் பக்கமும் 3 மீட்டர் உள்ள ஒரு அறையை இப்படிப் பிரித்தால் 2,700 கோடி பெட்டிகள் வரும்! அதனால் அறை முழுவதையும் யாரும் கணக்கிடுவதில்லை. போர்டைச் சுற்றி ஒரு சின்ன எல்லைக்குள் மட்டும் கணக்கிட்டு, 3 மீட்டர் தள்ளி என்ன வரும் என்பதைத் தனிச் சூத்திரத்தால் பெறுகிறார்கள்.

இங்கேதான் ஒரு சபலம் வருகிறது. எல்லை சின்னதாக இருந்தால் கணக்கு சீக்கிரம் முடியும். 1 மீட்டர் கேபிளைச் சேர்த்தால் இழுத்துக்கொண்டே போகும். அப்புறம் என்ன, கேபிளைக் கழற்றிவிட்டு போர்டை மட்டும் ஓட்டுவார்கள். சிவப்பும் நீலமுமாக ஒரு அழகான படம் வரும். அது நேராக பிபிடி-க்குள் போய்விடும்.

5 மைக்ரோ ஆம்பியர் போதும்

கேபிளை விட்டுவிடுவதன் விலையைப் பார்ப்போம். வீட்டு உபயோக மின்னணுக் கருவிகளுக்கு எஃப்.சி.சி வைத்திருக்கும் வரம்பு, 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். போர்டில் 5 சதுர செ.மீ பரப்புள்ள ஒரு கரன்ட் வளையம் 50 மெகாஹெர்ட்ஸில் இந்த வரம்பைத் தொட, சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். 1 மீட்டர் கேபிளில்? வெறும் 5 மைக்ரோ ஆம்பியர். கிட்டத்தட்ட 1,800 மடங்கு வித்தியாசம். வாகன விதிகளின் எண்கள் வேறு, ஆனால் கதை இதேதான்.

வளையத்தில் போகிற கரன்ட்டும் திரும்பி வருகிற கரன்ட்டும் எதிரெதிர் திசையில் ஓடுவதால், தொலைவில் ஒன்றை ஒன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். கேபிளில் கசியும் கரன்ட் அப்படி இல்லை, எல்லா வயரிலும் ஒரே திசையில் ஓடும். அதைத் தள்ளிவிடுவது எது? பூஜ்யம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் கிரவுண்டில் உண்மையில் நிற்கும் சில மில்லிவோல்ட்தான். உங்கள் சர்க்யூட் வரைபடத்தில் அந்த கரன்ட் எங்கேயும் இருக்காது. வரையாத ஒன்றை சாஃப்ட்வேர் தானாகக் கண்டுபிடிக்காது.

அந்தக் கலர் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பாக இருக்கும் இடத்தில் போர்டுக்கு மிக அருகே புலம் பலமாக இருக்கிறது, அவ்ளோதான். அது 3 மீட்டருக்குப் போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி. சிப் மேலே சிவப்பாக இருக்கிறதே என்று அதற்கு ஷீல்டு போட்டுவிட்டு, பச்சையாகத் தெரிந்த கனெக்டரைக் கவனிக்காமல் விட்டால், ஷீல்டுக்கான காசு தண்டம்.

ஆகவே, சிமுலேஷனிடம் ‘இது பாஸ் ஆகுமா?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த இரண்டு லேஅவுட்டில் எது குறைவாகக் கசியும்?’ என்று கேளுங்கள். மாடலில் உள்ள பிழைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொது என்பதால், வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். கிரவுண்ட் தளத்தில் உள்ள வெட்டைத் தாண்டிப் போகும் கிளாக் கோட்டை இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் கனெக்டர்களை ஒரே பக்கமாகக் கொண்டுவந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் மாடலில் 1 மீட்டர் வெற்று வயர் ஒன்றைக் கட்டாயம் தொங்கவிடுங்கள். விலை உயர்ந்த லைசென்ஸ் இல்லையா? ஓப்பன்இ.எம்.எஸ் இலவசம். மேலே சொன்ன 5 மைக்ரோ ஆம்பியர் கணக்குக்கு அதுகூட வேண்டாம், போனில் உள்ள கால்குலேட்டரே போதும்.

லேபுக்கும் கடைசியில் போகாமல், பெட்டி இல்லாத முதல் போர்டோடு ஒரு முறை போய்விடுங்கள். சென்னை தரமணியில் உள்ள சமீர் மையம் போன்ற இடங்களில் இதற்கான அளவீட்டு வசதி இருக்கிறது. அதற்கும் முன்னால், கேபிளைக் கிளிப் மாதிரி கவ்விப் பிடிக்கும் கரன்ட் புரோப் ஒன்றை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாட்டி உங்கள் மேஜையிலேயே பார்க்கலாம். அதில் 5 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டி ஏதாவது எகிறினால், லேப் புக்கிங்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு லேஅவுட்டைத் திறங்கள்.