உண்மையில் எந்த ஊர்?

புதியவர் ஒருவரைக் கண்டால், ஸலாம் உரைத்த கையோடு நாம் கேட்பது, "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே. அது உறவு தேடும் கேள்வி. ஊரின் பெயர் தெரிந்துவிட்டால் அங்கே நமக்குத் தெரிந்த நாலு பேரைச் சொல்லி, மாமன் மச்சான் முறை வரை போய்விடுவோம். இதே கேள்வியை லண்டனில் பிறந்த மாநிறத்துச் சிறுவன் ஒருவனிடம் கேட்கிறார்கள். "இந்த ஊர்தான்" என்கிறான். "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்கிறார்கள். அவன் சொன்ன முதல் பதில் பதிலாகவே கொள்ளப்படவில்லை.

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்றொரு தெரு உண்டு. அங்குள்ள பள்ளிவாசலின் கட்டடம், பிரான்சில் மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டுகள் 1743-இல் எழுப்பிய தேவாலயமாகும். 1898-இல் அது யூதர்களின் ஜெப ஆலயமாயிற்று. 1976-இல் வங்காள முஸ்லிம்களின் தொழுமிடமாயிற்று. பட்டு நெய்த பிரெஞ்சுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலேயரோடு கலந்து மறைந்தே போயினர். யூதப் பிள்ளைகளிலும் பலர், இன்னல்கள் பட்ட பின்னர், பெயரை மாற்றிக்கொண்டு புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். சில்ஹெட்டிலிருந்து வந்தவரின் பிள்ளையோ உச்சரிப்பை மாற்றலாம், உடையை மாற்றலாம். தோலை எங்கே கழற்றி வைப்பது?

1978 மே 4 அன்று, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளி, அத்தெருவிற்கு அண்மையில் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். பத்து நாட்களுக்குப் பின் ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய ஜனாஸாப் பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் வரை நடந்து சென்றனர். அந்த எழுச்சியில் முன்னின்றவர்கள் இளைஞர்கள். அவர்களுடைய தந்தையரில் பலர் தையற்கூடத்திலும் உணவகத்திலும் குனிந்த தலை நிமிராது உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். அவர் கொல்லப்பட்ட இடத்தருகே உள்ள பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதன் பின்னர் நிகழ்ந்ததைப் பெற்றோர் அனைவரும் அறிய வேண்டும். அப்பகுதி அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரம், 1997-இல் இங்கிலாந்தின் 149 கல்வி வட்டாரங்களில் 149-ஆவதாக நின்றது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அதன் தேர்ச்சி நாட்டின் சராசரியையே எட்டிக் கடந்தது. அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கியது மெய்யே. ஆனால் பணம் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. நல்ல ஆசிரியர்கள் வந்தனர்; வங்காளம் பேசும் பணியாளர்கள் வகுப்பறையில் அமர்த்தப்பட்டனர். பிள்ளைகள் பள்ளிக்குத் தவறாது வரவேண்டும் என்பதற்காகக் கிழக்கு லண்டன் பள்ளிவாசலும் பள்ளிக்கூடங்களோடு கைகோத்தது. ஏழாம் வயதில் சில்ஹெட்டிலிருந்து வந்த ருஷனாரா அலி ஆக்ஸ்போர்டில் பயின்று, 2010-இல் அப்பகுதியிலிருந்தே நாடாளுமன்றம் சென்றார்.

படித்துவிட்டால் கதவு தானே திறக்கும் என்றுதானே நாமும் சொல்லி வளர்க்கிறோம்? 2009-இல் பிரிட்டிஷ் அரசுக்காக ஒரு சோதனை நடத்தினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு என்ற வகையில் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். ஒரு சாதகமான பதில் கிடைக்க ஆங்கிலப் பெயருக்கு 9 விண்ணப்பங்கள் போதுமாயிருந்தன. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களுக்கு 16 வேண்டியிருந்தன. வங்காளதேச, பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளைகள் கல்வியில் ஏறிய ஏற்றம் வேலையில் அவ்வாறே பலிக்கவில்லை என்று 2016-இல் அந்நாட்டுச் சமூக முன்னேற்ற ஆணையமும் கூறிற்று.

இங்கேதான் தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு மூள்கிறது. தந்தை தாம் விட்டு வந்த ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவாவது கிடைத்ததே" என்கிறார். மகன் ஒப்பிடுவது பக்கத்து இருக்கையில் அமர்ந்து படித்தவனோடு. சகித்துக்கொள் என்று தந்தை சொல்வது அவன் காதில், நீ விருந்தாளிதான் என்று ஒலிக்கிறது. ஸப்ர் என்பது வாய்மூடி இருப்பதன்று என்று மதரஸாவில் நாமே பாடம் நடத்துகிறோம். மகன் அதை நினைவூட்டினால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் கண்டு எழுதவில்லை. முன்பு என்னிடம் ஓதிய ஒருவர் இப்போது குடும்பத்தோடு லண்டனில் இருக்கிறார். சென்ற விடுமுறையில் தம் பதினான்கு வயது மகனை அழைத்து வந்தார். "என் மகன் அங்கே எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான், ஹஜ்ரத். தாங்கள்தாம் புத்தி சொல்லவேண்டும்" என்றார். பையனைத் தனியே அழைத்துக் கேட்டேன். "அங்கே நான் எந்த ஊர் என்று கேட்கிறார்கள், ஹஜ்ரத். இங்கே வந்தால் லண்டன்காரன் என்கிறார்கள்" என்றான், தட்டுத் தடுமாறிய தமிழில்.

முந்தின நாள் மாலை மக்தபில் அவன் தன் பெயரையும் ஊரையும் அந்தத் தமிழிலேயே சொன்னபோது பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் அவர்களை அதட்டினேன். ஆனால் அதட்டுவதற்கு முன்னால் நானும் சிரித்திருந்தேன். அதை அவன் பார்த்துவிட்டான்.