கருவியும் நாமும்: விசைப்பலகை திடீரென நின்றால்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை. அலுவல் முடிந்து வந்த நாம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாயிலில் எதிர் வரிசைக் குடியிருப்பைச் சேர்ந்த அம்மையார் நின்றிருந்தார். கையில் மடிக்கணினி. அவருக்குப் பின்னால், அழுது ஓய்ந்த முகத்துடன் அவருடைய மகள்.

“தம்பி, இதிலே ஒரு எழுத்துகூட விழ மாட்டேங்குது. இன்னிக்கு ராத்திரியோட கெடு முடியுது. நீங்கதான் கொஞ்சம் பாக்கணும்” என்றார்.

விஷயம் இதுதான். அந்தப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். முக்கால் பங்கு முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணும் வருமானச் சான்றிதழின் எண்ணும் மட்டுமே பாக்கி. அந்த நேரம் பார்த்து விசைப்பலகை நின்றுவிட்டது. கைப்பேசியில் முயன்றாளாம், அந்தப் பக்கம் சிறு திரைக்குள் அடங்காமல், சமர்ப்பிக்கும் பொத்தானே கண்ணில் படவில்லையாம். உதவித்தொகை வந்தால்தான் இவ்வாண்டுக் கட்டணத்தைக் கட்ட இயலும் என்ற நிலையில் இருக்கும் குடும்பம் அது.

நம்மிடம் வருவதற்கு முன் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் விரைவாக நாலைந்து விசைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, விசைப்பலகை போய்விட்டது, ரூ. 3,400 ஆகும், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டார். பணம் ஒரு புறம் இருக்கட்டும். இரண்டு நாள் கழித்து விண்ணப்பம் ஏது?

ரயில்வேயில் ஒரு வண்டி வந்து சேரவில்லை என்றால் எஞ்சின் பழுது என்று உடனே யாரும் முடிவு கட்டுவதில்லை. கடைசியாக எந்த நிலையத்தைக் கடந்தது, எந்த நிலையத்தைக் கடக்கவில்லை என்றுதான் முதலில் விசாரிப்போம். விசைப்பலகைக்கும் அந்த விசாரணையே பொருந்தும். நாம் ஒரு விசையை அழுத்தினால், அதன் அடியிலுள்ள சிறு ரப்பர்க் குமிழ் அமுங்குகிறது. குமிழுக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். அவற்றில் மின்சாரம் செல்லும் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக அச்சிடப்பட்டிருக்கும். அழுத்திய இடத்தில் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. அந்தச் செய்தி ஒரு பட்டையான மெல்லிய கம்பித் தொடர் வழியாக உள்ளே சென்று, இன்ன விசை அழுத்தப்பட்டது என்று ஒரு சிறு சில்லால் அறியப்பட்டு, பிறகே விண்டோஸிடம் போகிறது. அதை எந்த எழுத்தாகத் திரையில் காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது விண்டோஸ். ஆகவே எழுத்து விழவில்லை என்றால், விசையில் நின்றிருக்கலாம்; கோட்டில் நின்றிருக்கலாம்; கம்பியில் நின்றிருக்கலாம்; கடைசி நிலையத்திலும் நின்றிருக்கலாம். நான்காவதற்குக் கடைக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. யூஎஸ்பி துளையில் செருகும் சாதாரண விசைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து மடிக்கணினியில் இணைத்துப் பார்ப்பதுதான். வெளி விசைப்பலகை, மடிக்கணினியின் விசைகளையும் கோடுகளையும் கம்பியையும் தொடாமல் வேறு பாதையில் விண்டோஸைச் சென்றடைகிறது. அதில் எழுத்து விழுந்தால், பழுது பெரும்பாலும் மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையில். அதிலும் விழாவிட்டால், இரண்டு விசைப்பலகைகளும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று நம்புவதைவிட, இரண்டும் சென்று சேரும் இடத்தில் தடை இருக்கிறது என்று கொள்வதே அறிவுடைமை.

நம் சங்க அலுவலகத்துக் கணினியின் விசைப்பலகையைக் கழற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். செருகினோம், தட்டினோம். அதிலும் ஒன்றும் விழவில்லை! அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் கண் கலங்கியது. நமக்கோ உள்ளூர மகிழ்ச்சி. ரூ. 3,400 தப்பியது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தடை எங்கே என்பது தெரிந்தபாடில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தவர் வீட்டுப் பெரியவர், அந்தப் பெண்ணின் தாத்தா. இளமையில் தட்டச்சு நிலையத்தில் பயின்று லோயர் தேறியவர். “பழைய மெஷின்ல எல்லாம் இப்படித் தடவிக் கொடுத்தா எழுத்து விழாதும்மா, அழுத்தணும்” என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒற்றை விரலால் ஒரு விசையை ஊன்றி அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டார். திரையில் ‘ஏ’ விழுந்தது. மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையில்தான்! பேத்தி தட்டினால் விழவில்லை. தாத்தா அழுத்திப் பிடித்தால் விழுகிறது.

அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லை. விண்டோஸில் ‘ஃபில்டர் கீஸ்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தொடும் விசைகளைப் பொருட்படுத்தாமல், சற்று நேரம் அழுத்திப் பிடித்த விசையை மட்டும் ஏற்றுக்கொள்வதற்காக அமைக்கப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு, தேவையுள்ளவர்களுக்குப் பேருதவி. ஆனால் வலப்பக்கத்து ஷிஃப்ட் விசையை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தினால், இதை இயக்கலாமா என்று கேட்டு ஒரு சிறு கட்டம் திரையில் எழும்பும். அதில் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வழக்கம்போல் விரைவாகத் தட்டுகிறவருக்கு விசைப்பலகை செத்ததுபோலவே தோன்றும். விசாரித்ததில், அந்தப் பெண் சான்றிதழ்க் கோப்பை எடுத்து விசைப்பலகையின் வலப்பக்கம் வைத்திருக்கிறாள். கட்டம் எழும்பியிருக்கிறது. அருகில் இருந்த தம்பி, ஏதோ கேட்கிறதே என்று ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டு விளையாடப் போய்விட்டான்.

செட்டிங்ஸ், அதில் ஆக்ஸசிபிலிட்டி, அதில் கீபோர்டு. விண்டோஸ் 11இல் இதுதான் வழி. விண்டோஸ் 10இல் ஆக்ஸசிபிலிட்டி இருக்க வேண்டிய இடத்தில் ‘ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ்’ என்றிருக்கும். எல்லாம் விரலால் தடவும் பட்டையாலேயே செய்யக்கூடியவை. ஃபில்டர் கீஸ் இயங்கிக்கொண்டிருந்தது; அணைத்தோம். அந்தப் பெண் மீண்டும் தன் கணக்குக்குள் நுழைந்தாள். சேமித்திருந்த பகுதி அப்படியே இருந்தது. இரவு 9.40க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, ஒப்புகை எண்ணும் வந்துவிட்டது.

கடைக்காரரை நாம் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டோம். விரைவாகத் தட்டினார், விழவில்லை, தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார். ஆனால் கணினியை ஒரு முறை நிறுத்தி இயக்கியாவது பார்த்திருக்கலாம். இவர்களும் அதைச் செய்யவில்லை. மூடி எடுத்துக்கொண்டு போனார்கள், திறந்து காட்டினார்கள். மூடினால் மடிக்கணினி பெரும்பாலும் உறங்குகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் உள்ளிருக்கும் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து மறுமுறை விரைவில் எழும் முறை பெரும்பாலான கணினிகளில் இருக்கிறது. ஆகவே கோளாறு நீங்க வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ என்பதையே கொடுக்க வேண்டும்.

நம் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நேரும் வேறொரு குழப்பமும் உண்டு. ஊருக்குத் தமிழில் கடிதம் எழுத ஒருவர் தமிழ் விசை அமைப்பைச் சேர்த்து வைத்திருப்பார். 1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 அமைப்பில் ஆங்கில ‘ஹெச்’ விசையைத் தட்டினால் ‘க’ வரும். ‘ஜே’ விசையைத் தட்டினால் ‘ப’ வரும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்துத் தொட்டால் மொழி மாறிவிடும். தெரியாமல் தொட்டுவிட்டவர் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிப்பார். கட்டத்தில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் என்ன விழுகிறது என்று அறிய மாட்டார். கணினி மறுத்துக்கொண்டே இருக்கும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கைபேசியில் நம்மை அழைப்பார். திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறியைப் பார்த்து, அதே இரண்டு விசைகளை மறுபடியும் தொட்டால் போதும். சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் ‘யூ, ஐ, ஓ’ என்று தட்டினால் 4, 5, 6 என்று விழுவதும் இதைப் போன்றதே. எண் பூட்டு இயங்குகிறது, அவ்வளவுதான்.

மறுதொடக்கம் செய்தும் பயனில்லை, வெளி விசைப்பலகையில் மட்டும் எழுத்து விழுகிறது என்றால், பழுது மடிக்கணினியின் விசைப்பலகையிலா, அதை இயக்கும் மென்பொருளிலா என்று பார்க்க வேண்டும். கணினி விழித்தெழும் முதல் சில விநாடிகளில், விண்டோஸ் வருவதற்கு முன்பே, எஃப் 2, எஃப் 10, டெலீட், எஸ்கேப் இவற்றில் ஏதேனும் ஒன்றை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையில் தட்டினால் பயாஸ் என்னும் அடிப்படைத் திரை வரும். அங்கே விசைகள் வேலை செய்தால் விசைகளும் கம்பியும் நலம், கோளாறு விண்டோஸில். ஸ்டார்ட் பொத்தானின் மீது வலப்பக்கச் சொடுக்குக் கொடுத்து, டிவைஸ் மேனேஜரில் கீபோர்ட்ஸ் என்பதன் கீழுள்ள மடிக்கணினி விசைப்பலகையை ‘அன்இன்ஸ்டால்’ செய்து மறுதொடக்கம் செய்யுங்கள். அஞ்ச வேண்டாம், எழும்போது விண்டோஸ் தானே அதை மீண்டும் கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும்.

பயாஸ் திரையிலும் அசையவில்லை, அல்லது ஒரு வரிசை விசைகள் மட்டும் ஒட்டுமொத்தமாகச் செத்துவிட்டன என்றால், கோடோ கம்பியோதான். அப்போது கடைக்குப் போகத்தான் வேண்டும். அவசர வேலை இருந்தால் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். திரையிலேயே விசைப்பலகையை வரவழைத்துச் சுட்டியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொடும் வசதி, முன் சொன்ன ஆக்ஸசிபிலிட்டிக்குள்ளேயே இருக்கிறது. மாற்றுவது விசைப்பலகையை மட்டுமா, மேல் சட்டத்தையும் சேர்த்தா என்று கடையில் முதலிலேயே கேளுங்கள். பல மாதிரிகளில் இரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். விலை அங்கேதான் ஏறுகிறது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். குடும்பத்தின் சான்றிதழ்களையும் வங்கிக் காகிதங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்து, கணினியிலிருந்து நீக்கிய பிறகு ஒப்படைப்பது நலம். நாம் பார்த்த அந்தக் கணினிக்குக் கடவுச்சொல்லே இல்லை. மறுநாளே போடச் சொன்னோம்.

இதுவரை சொன்னவற்றைப் பொறுமையாகச் செய்யலாம். பொறுமைக்கு இடமில்லாதவை இரண்டு. விசைப்பலகையில் தேநீர் கொட்டிவிட்டால், திறந்திருக்கும் வேலை போனால் போகிறது என்று அந்தக் கணமே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, கூடாரம்போல் கவிழ்த்து வைக்க வேண்டும். உலர்ந்ததா என்று இடையிடையே இயக்கிப் பார்ப்பவர்கள்தாம் நல்ல கணினியைக் கொல்கிறவர்கள். அரிசிப் பானை வேண்டாம், தலைமுடி உலர்த்தும் சூடான காற்றும் வேண்டாம். நம் தேநீரில் பாலும் சர்க்கரையும் தாராளம். நீர் உலர்ந்தாலும் அவை உள்ளே தங்கி அரிக்கும். ஆகையால் திறந்து துடைப்பிக்கும் வரை இயக்காதீர்கள். மற்றொன்று, விசைப்பலகையோ தடவும் பட்டையோ நடுவில் மேடாகி, மூடி சரியாக மூடாவிட்டால், உள்ளே மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். அதை அமுக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மின்னேற்றம் செய்வதை உடனே நிறுத்தி, அந்தக் கம்பெனியின் சேவை நிலையத்தில் கொடுங்கள்.

கோடையில் இங்கே நாகபுரியில் கூலர் இல்லாத வீடு அரிது. அதன் ஈரக் காற்றும் தூசியும் நேரே படும் ஜன்னலோரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பவர்களையும் பார்க்கிறோம். சற்று நகர்த்தி வையுங்கள்.

சங்கத்து யூஎஸ்பி விசைப்பலகை இனி நூலக அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கும். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நோட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். முதல் கையொப்பம் அந்தத் தாத்தாவுடையது. பழுது எதுவும் இல்லையாம். தட்டச்சுப் பழக்கம் விட்டுப் போகாமலிருக்கக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். நாள் ஒன்பது ஆகிறது.