டவருக்கும் டாலரன்ஸ் உண்டு!

"ஆளு பொய் சொல்லலாம், டவர் பொய் சொல்லாது" என்று பலர் பேசக் கேட்டிருக்கிறேன். மின்னணுவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. டவர் பொய் சொல்லாதுதான். ஆனால் அது சொல்லாததையும் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல்!

ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று பக்கம் ஆண்டெனா இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 120 டிகிரி. போன் எந்தப் பக்கத்து ஆண்டெனாவோடு பேசுகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். ஜி.எஸ்.எம். முறையில் இந்தத் தூரக் கணக்கின் ஒரு படி சுமார் 550 மீட்டர்.

போன் 5 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 120 டிகிரி வில்லின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும்! அகலம் அரை கிலோமீட்டர். அந்த வளைந்த பட்டைக்குள் எங்கேயோ போன் இருக்கிறது. ஒரு டவர் சொல்வது அவ்வளவுதான். மூன்று டவர்களின் கணக்கைச் சேர்த்தால் பரப்பு சுருங்கும்; புள்ளியாகிவிடாது. போதாக்குறைக்கு, பக்கத்து டவரில் நெரிசல் என்றாலோ நடுவில் கட்டிடம் மறைத்தாலோ போன் தூரத்து டவரைப் பிடித்துக்கொள்ளும்.

"இதெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்பவர்கள் டென்மார்க்கைப் பாருங்கள். தொலைபேசி நிறுவனங்கள் தந்த விவரங்களை மாற்றியமைக்கும் போலீஸ் மென்பொருள், சிலவற்றை விட்டுவிட்டது 2019-ல் தெரியவந்தது. போனைத் தப்பான டவரோடு சேர்த்துக் காட்டிய பிழையும் வெளிப்பட்டது. 2012 முதல் நடந்த 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதங்களுக்கு இந்தச் சாட்சியத்தையே நிறுத்தி வைத்தார்கள். சிறையிலிருந்து 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த வித்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டில் வழி தவறியவரைத் தேடும்போது அந்தப் பத்து கிலோமீட்டர் பட்டைகூட வரப்பிரசாதம். ஆனால் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அது மட்டும் போதுமா?

வொர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் குறிக்காத டிராயிங்கை யாராவது ஒத்துக்கொள்வார்களா? 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கே கூடுதல், குறைவு இவ்வளவு என்று எழுதுகிறோம். ஒரு மனுஷனின் சுதந்திரத்துக்கு எழுத வேண்டாமா? "போன் இங்கே இருந்தது" என்று எழுதும் ஒவ்வொரு அறிக்கையும் "பிழை இத்தனை மீட்டர்" என்றும் எழுத வேண்டும். எழுதாத அறிக்கையை நீதிமன்றம் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் என் கருத்து.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் இந்த டவர்களை நிறுவப் போகிறோம். சிலர் அவற்றின் பதிவேட்டைப் பராமரிக்கப் போகிறோம். வரைபடத்தில் புள்ளி வைப்பது நம் கையாக இருந்தால், பிழையின் எல்லையையும் சுற்றிலும் வரைந்துவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைக்கணும்!