ஏடு மாறும் வேளை

கைபேசியில் கதை படிக்கும் இளைஞரைக் கண்டு, இலக்கியத்துக்கு அந்திமகாலம் வந்துவிட்டதென்று வருந்துவோர் நம்மிடையே பலர். அவர்களுடைய கவலையை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு என்பது நமது அபிப்பிராயம்.

சாதனம் மாறினால் இலக்கியத்தின் உருவமும் மாறும். பனையோலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் உழைப்பு அதிகம், இடம் குறைவு. ஆகவே மனனத்துக்கு இசைந்த செய்யுளே ஆட்சி செலுத்திற்று. வைத்தியமும் சோதிடமும்கூடப் பாட்டாகவே வழங்கின. 1578-ல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியதெனினும், 1835-ல் அச்சுச் சட்டம் தளர்ந்த பின்னரே சுதேசிகளின் அச்சுக்கூடங்கள் தாராளமாகப் பெருகின. வசனம் தலையெடுத்தது. 1879-ல் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. பத்திரிகைகள் பரவவே சிறுகதையும் தொடர்கதையும் செழித்தன. இவற்றால் தமிழ் குன்றிற்று என்று யார் சொல்லத் துணிவார்?

ஆபத்து, ஒரு சாதனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் வேளையில்தான் நேர்கிறது. பெயர்த்தெழுதாத ஓலை செல்லுக்கு இரையாகும். தாமோதரம் பிள்ளையும் சாமிநாதையரும் அரும்பாடுபட்டுச் சுவடி தேடியதனால் 1887-ல் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும், 1894-ல் புறநானூறும் அச்சேறின. அவர்கள் கைக்கு எட்டுமுன் ஆற்றிலும் தீயிலும் போனவை எவையென்று இன்று எவராலும் கூற இயலாது.

அதே வேளை மீண்டும் வந்திருக்கிறது. மரக்கூழாலான பத்திரிகைக் காகிதம் ஓலையினும் அற்பாயுள் உடையது. சில பத்தாண்டுகளில் பழுத்து நொறுங்கும். தேசவிடுதலைப் போர்க்காலத்துத் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி அக்காகிதத்தையே நம்பியிருந்தது. கணினியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்பதும் பிழை. 1990-களில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றிற்று. யூனிகோடுக்கு மாற்றப்படாத அத்தகைய கோப்பும் செல்லரித்த ஏடும் ஒன்றே.

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் ஊதியமின்றிச் செய்த பணி போற்றத்தக்கது. ஆயினும் இது தொண்டர்கள் தலையில் மட்டும் சுமத்தத்தக்க பாரமன்று. 1949-ல் சென்னை சர்க்கார் பாரதியாருடைய நூல்களின் உரிமையை விலைகொடுத்து வாங்கியது. பின்னர் அவை பொதுஜனங்களின் சொத்தாயின. அந்த நியாயம் இன்றும் செல்லும். பழைய பத்திரிகைகளின் ஒவ்வோர் இதழையும் சர்க்கார் பிரதியெடுத்து, எவரும் இலவசமாகத் தேடிப் படிக்கும்படி வழங்க வேண்டும். பத்திரிகை முதலாளிகள் தத்தம் பழைய தொகுதிகளைத் திறந்துவிட வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் கட்டிவைத்த பத்திரிகைக் கட்டு இருக்குமாயின், அதை எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.