பயமா இருக்குன்னு சொல்லுங்க

"பல்லு புடுங்கவா இவ்வளவு பயம்?" ஸ்பிரிங்வெளி லயங்களில் இந்தச் சிரிப்புக்குக் குறைவில்லை. அதற்குக் கூச்சப்பட்டவர் கராம்பை அடக்கிக்கொண்டு, பனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறார். கன்னம் வீங்கிப் பதுளைக்கு ஓடும்போது அன்றைய பேரும் போச்சு, பல்லும் போச்சு.

பயத்துக்கும் மருந்து இருக்கு. டொக்டர் ஆளைப் பார்த்து, சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முன்பு டயசிபாம் போன்ற குளிசை கொடுப்பார். பதற்றம் தணியும், பேசினால் பதில் சொல்வீங்க. வலிக்கு விறைப்பூசி தனி. வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேணும். "கால் போத்தல் அடிச்சா சரி" என்பவர்களே, சாராயமும் இந்தக் குளிசையும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

கொழும்பில் காசுள்ளவர் கேட்டால் வசதி, தோட்டத்து ஆள் கேட்டால் கோழைத்தனமா? அரச பல் கிளினிக்கிலும் இதைக் கேட்போம். கூச்சப்பட்டு இழந்த பற்கள் போதும்.