கத்தி பிடித்த கை யாருடையது?

'மக்பெத்தின் வீழ்ச்சிக்கு அரைவாசிப் பொறுப்பு சூனியக்காரிகளுடையது, மற்ற அரைவாசி அவனது பேராசையினுடையது.' உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். டியூஷன் குறிப்பு அப்படி. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் ஏறத்தாழ அதுதான். ஆனால், அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில், நம்மவர் மத்தியில் விமர்சகர் என்று மதிக்கப்படும் ஒருவரே எழுந்து, துன்பியல் தலைவர்கள் யாவரும் விதியின் கைப்பாவைகள் என்றும், ஆகவே அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது ரசனைக் குறைவு என்றும் தீர்ப்புக் கூறினார். சபையோர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாடகத்தைத் திறந்து பார்ப்போம். முதலாம் அங்கத்தில் சூனியக்காரிகள் மூவரும் மக்பெத்தை மூன்று பட்டங்களால் வாழ்த்துகிறார்கள்: கிளாமிஸ் பிரபு, கோடர் பிரபு, இனி அரசனாகப் போகிறவன். அவ்வளவுதான். டங்கனைக் கொல் என்று அவர்கள் சொல்லவில்லை. கொலை என்ற பேச்சே அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. அந்த எண்ணம் மக்பெத்தின் உள்ளத்திலிருந்து எழும்புகிறது. எழும்பியதைக் கண்டு அவனே நடுங்குகிறான். வெளியிலிருந்து திணிக்கப்பட்ட ஒன்றுக்காக ஒருவன் தன்னைக் கண்டே இப்படி நடுங்குவானா?

இன்னொன்று. கோடர் பட்டம் எப்படி வந்தது? பழைய கோடர் பிரபு துரோகம் செய்தான், அரசன் அவனது பட்டத்தைப் பறித்து மக்பெத்துக்குக் கொடுத்தான். அதற்காக மக்பெத் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஆகவே, இந்த முன்னறிவிப்புப் பலிப்பதற்குக் கொலை வேண்டியதில்லை என்பதற்கான சான்று அவனது கண்முன்னாலேயே கிடக்கிறது. தன் முயற்சி இல்லாமலே முடி வந்து சேரலாம் என்று அந்தக் காட்சியிலேயே அவன் தனக்குள் சொல்லிக்கொள்ளவும் செய்கிறான். பிறகு ஏன் கத்தியை எடுத்தான்? காத்திருக்க அவனுக்கு மனமில்லை.

பாங்கோவை நம் விமர்சகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதே வெளியில், அதே நாளில், அதே வாய்களிலிருந்து பாங்கோவும் வாக்குப் பெறுகிறான். அவனது சந்ததி அரசாளும் என்று. அவனும் கல்லால் செய்த மனிதனல்லன். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், உறக்கத்தில் வந்து தொல்லை தரும் தீய எண்ணங்களை அடக்கித் தரும்படி அவன் பிரார்த்திக்கிறான். ஆசை அவனையும் தொட்டிருக்கிறது. அவன் யாரையும் கொல்லவில்லை. ஒரே மழை இரண்டு வயலில் பெய்தது. ஒன்றில் மட்டும் முள் முளைத்ததென்றால் மழையையா குற்றம் சொல்வது?

சேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது ஹொலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து. அந்நூலில் டங்கன் இளையவன், ஆட்சி செய்யத் திராணியற்றவன். மக்பெத்துக்கு அரசுரிமை பற்றிய நியாயமான ஒரு மனக்குறையும் இருக்கிறது. கொலைக்கு பாங்கோ உடந்தை. முடி சூடிய பின் பத்தாண்டுகள் மக்பெத் நல்லாட்சியே செய்கிறான். சேக்ஸ்பியர் என்ன செய்தார்? டங்கனை வயதான, சாதுவான அரசனாக்கினார். மனக்குறையைத் துடைத்தார். பத்தாண்டு நல்லாட்சியை அழித்தார். பாங்கோவைக் கொலையிலிருந்து விடுவித்தார். (ஜேம்ஸ் மன்னரின் வம்சம் பாங்கோவிலிருந்து வந்ததாகக் கருதப்பட்டதால் இது அரசனைக் குளிர்விக்கும் வேலை என்பார்கள். இருக்கட்டும், நாடகத்துக்குக் கிடைத்த லாபம் அதனால் குறைந்துவிடவில்லை.) அதோடு நிற்காமல், அதே நூலில் டஃப் என்ற வேறோர் அரசன் விருந்தினனாக வந்த இடத்தில் கொல்லப்பட்ட கதையை எடுத்து டங்கன் கதையோடு ஒட்டினார். வரலாற்றில் டங்கன் 1040இல் போரில் இறந்தவன். நாடகத்திலோ, உறவினன், பிரஜை, வீட்டுக்காரன் என்ற மூன்று கடமைகளையும் ஒருங்கே மிதித்து, தன் கூரையின் கீழ் உறங்கிய கிழவனை மக்பெத் குத்துகிறான். அந்த மூன்று கடமைகளையும் முதலாம் அங்கத்தின் இறுதிக் காட்சியில் அவனே எண்ணிப் பார்க்கிறான், எண்ணிய பிறகே செய்கிறான். மூலத்தில் இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்த ஒரு நாடகாசிரியரிடம் போய், சூனியக்காரிகள் என்ற புதிய சாக்கைத் தேடுகிறோமே, இது அவருக்குச் செய்யும் அநியாயமல்லவா?

'அந்தக் காலத்தவர் சூனியத்தை நம்பியவர்கள். அவர்களின் கண்ணால் பார்க்க வேண்டும்' என்பது அடுத்த வாதம். சரி, பார்ப்போம். ஜேம்ஸ் மன்னர் 1597இல் பேய்க்கலை பற்றி ஒரு நூலே எழுதினார். 1604இல் இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டம் கடுமையாக்கப்பட்டது. மறுக்கவில்லை. ஆனால், ஷைத்தான் தூண்டுவான், மனிதனின் விருப்பை அவனால் வலிந்து திருப்ப முடியாது என்பதுதான் அக்காலத்துக் கிறிஸ்தவ மதபோதகர்களின் நிலைப்பாடும். நாடகத்திலேயே இதற்கு அளவுகோல் இருக்கிறது. மக்பெத் மேடைக்கு வருமுன் ஒரு சூனியக்காரி, தன்னைப் பகைத்த ஒருத்தியின் கணவனான மாலுமியைப் பழிவாங்கப் போவதாகச் சொல்கிறாள். அவளால் அவனது கப்பலைப் புயலில் அலைக்கழிக்க முடியும், மூழ்கடிக்க முடியாது. தன் எல்லையைத் தானே சொல்லிவிட்டுத்தான் அவள் மக்பெத்தைச் சந்திக்கிறாள். ஹெகேற் தேவதை அவனை நாசத்துக்கு இழுக்கத் திட்டமிடும் காட்சியைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். அந்தக் காட்சி சேக்ஸ்பியர் எழுதியதல்ல, மிடில்டன் சேர்த்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நம் வாசகர்களுக்கு இதை இவ்வளவு விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வியப்பு. சூரா இப்றாஹீமின் 22ஆம் வசனத்தை ஓதியவர்கள்தானே நாம். தான் அழைக்க மட்டுமே செய்ததாகவும், பதில் கொடுத்தவர்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டும் என்றும் மறுமையில் ஷைத்தான் கைவிரிப்பதை அறிந்த ஒருவர் 'விதியின் கைப்பாவை' என்ற சொல்லுக்கு எப்படிக் கை தட்டினார்?

இனி ஈடிப்பஸ். இங்கேதான் நமது குழப்பம் முழுமையடைகிறது. மக்பெத்தை மன்னித்த அதே குறிப்பு, ஈடிப்பஸின் அழிவுக்கு அவனது முன்கோபமும் ஆணவமும் காரணம் என்று எழுதுகிறது. அவனது நிலையைப் பாருங்கள். அவன் பிறக்குமுன்பே வாக்கு விழுந்துவிட்டது. கணுக்கால் துளைக்கப்பட்டு மலையில் எறியப்பட்ட சிசு. வளர்ந்து டெல்பியில் அந்த வாக்கைக் கேட்டதும், தாய் தந்தை என்று தான் நம்பியவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாதென்று கொரிந்து நகரை விட்டே ஓடுகிறான். முச்சந்தியில் தன்னை அடித்த கிழவனைத் திருப்பி அடிக்கிறான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. மக்பெத் தீர்க்கதரிசனத்தை நோக்கி ஓடினான். ஈடிப்பஸ் அதிலிருந்து தப்பி ஓடினான். அரிஸ்டோட்டில் கையாண்ட 'ஹமார்ஷியா' என்ற சொல்லுக்கு இலக்குத் தவறுதல், அறியாமல் நேரும் பிழை என்பதே அடிப்படை. அதை 'குணக்கேடு' என்று மாற்றி, எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே சட்டையாகத் தைத்துப் போட்டது பின்வந்தவர்கள். அயர்லாந்து அறிஞர் டொட்ஸ் 1966இலேயே இதைக் கண்டித்து எழுதிவிட்டார். நமது குறிப்புகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லாச் சாக்கும் கையிலிருந்த அந்த ஈடிப்பஸ், கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வந்தபோது, துன்பத்தைத் தந்தது அப்போலோ, கண்ணைக் குத்தியதோ தன் கை என்று பிரித்துச் சொல்கிறான். விசாரணையை நிறுத்தும்படி யொகாஸ்தா கெஞ்சியபோது நிறுத்தாமல் உண்மையைத் தோண்டியதும் அவன்தான். அதை எந்தத் தெய்வமும் அவனுக்கு விதிக்கவில்லை. பல்லாண்டு கழித்து, கொலோனஸில், தெரியாமல் செய்தவற்றுக்குத் தான் குற்றவாளியல்லன் என்றும் தலைநிமிர்ந்து வாதாடுகிறான். எது தன்னுடையது, எது தன்னுடையதல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, முடிக்காக உறங்கியவனைக் குத்தியவனுக்கு அரைவாசித் தள்ளுபடி. தீங்கிலிருந்து தப்பி ஓடியவனுக்கு முழுத் தண்டனை. நடுநிலை என்ற பெயரில் நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது இதைத்தான். இந்த 'அரைவாசி' பரீட்சைக்குப் பாதுகாப்பானது, யாரையும் பகைக்காதது. அதிகாரத்தில் இருக்கிறவன் செய்த கொலைக்கு மேலேயோ வெளியேயோ இன்னொரு காரணத்தைத் தேடிக் கொடுக்கும் பழக்கமும் அதில் பதுங்கியிருக்கிறது என்பதே என் சந்தேகம்.

மறுப்பு எழுத விரும்பும் நண்பர்களை அன்போடு வரவேற்கிறேன். எழுதுமுன் மக்பெத் நாடகத்தின் நான்காம் அங்கத்தை ஒருமுறை வாசிக்கட்டும். இம்முறை சூனியக்காரிகள் அவனிடம் வரவில்லை, அவன்தான் தேடிப் போகிறான். மக்டஃபைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்று அங்கே ஓர் உருவம் சொல்கிறது. அவை யாவும் மறைந்த பிறகு, மக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டான் என்று சேதி வருகிறது. உடனே மக்பெத் அவனது மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டிப்போட ஆள் அனுப்ப முடிவு செய்கிறான். அடுத்த காட்சியில் அந்தச் சிறுவன், தாயைத் தப்பி ஓடும்படி கத்திக்கொண்டே சாகிறான். அந்தப் பிள்ளையைப் பற்றி எந்தச் சூனியக்காரி, எந்த வரியில், என்ன சொன்னாள் என்று எடுத்துக் காட்டிவிட்டு மறுப்பை எழுதட்டும்.